மோட்டார் கொட்டாயப் பிரிக்கிறாங்க

ஏ புள்ள இருசா,
இன்னும் கொஞ்ச நேரத்துல சாதுல்லா பாய் மோட்டார் கொட்டாயப் பிரிக்க வருவாரு. என்னக் கேக்காமலே பழைய இரும்புக்குப் பேசி முடிச்சிட்ட, இருக்கட்டும். கொட்டாய் சாவி அரிசிப் பானை மேல கீது. தகரம், பைப்பு, ஜன்னக் கம்பி எல்லாம் எடுத்துக்கினு போவட்டும்.

சண்ட வந்தா நீ அடுத்த தெருவுல உங்க அண்ணன் வூட்டுக்குப் பூடுவ. எங்க ஊரு திண்டிவனத்துக்கு அந்தாண்ட. கோச்சிக்கினு போயி படுக்க எனக்கு அந்தக் கொட்டாய் ஒண்ணுதான் இருந்துச்சி. அதுக்குத்தான் அத எடைக்கிப் போடுறன்னு எனக்குத் தெரியாதா?

நான் கரும்பு வெட்டப் போறேன். பாய்க்கு டீ குடு, சக்கர கம்மியா.

இன்னொண்ணு. எனக்குக் கோவம் இன்னும் தீரல. ஆனா ராத்திரிக்கி எனக்கும் சேத்து ஒல வையி. கொட்டாயில கெடக்குற கயித்துக் கட்டில வூட்டுக்குத் தூக்கியாரச் சொல்லு. சொவரு ஓரமா போடு. ரொம்பத் தள்ளிப் போடாத.