இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த என் மச்சான் ஞானவேலுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. திவசத்தன்று உன் படத்துக்கு முன்னால் எல்லாரும் நின்றபோது என்னால் உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை. கூட்டத்தில் பேசுகிற விஷயமாகவும் அது இல்லை. வருகிற வியாழக்கிழமை கடலூர் கோர்ட்டில் உன் சாவு சம்பந்தமாக நான் சாட்சி சொல்ல வேண்டும். நான் சொல்லப்போவதைக் கேட்டால் வழக்கே போகலாம். அதனால் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுச் சேதி கேட்பாய். உன் பெண் பவித்ரா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். கணக்கு வருகிறது, தமிழில்தான் ஒற்றெழுத்தை விட்டுவிடுகிறாள். அரசி தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாட்டு வீட்டைப் பூட்டிவிட்டுக் கடலூரிலேயே ஒரு மாடிப்போர்ஷனில் இருக்கிறாள். ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை. போன வருஷக் கடைசியில் அடித்த புயலில் உன் வீட்டுக் கூரை ஷீட்டு நான்கு பறந்துவிட்டது, பின்பக்கத்துப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. சிதம்பரத்தில் என் கடையில் பாதி நாள் கரண்ட் இல்லை. டிவி ரிப்பேருக்கு வருகிறவர்களைவிட இன்வெர்ட்டர் கேட்டு வருகிறவர்கள்தான் ஜாஸ்தி. தொழிற்பேட்டை மட்டும் அப்படியே இருக்கிறது, அதன் நாற்றமும்.

உன் இசைத்தட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன.

எட்டு வருஷத்துக்கு முன்னால், கடலூர் முதுநகர் பழைய இரும்புக் கடையில் நான் ஒரு மோட்டாருக்காகக் குடைந்துகொண்டிருந்தேன், நீ சும்மா என்னோடு வந்திருந்தாய். புதுச்சேரியில் வீட்டைக் காலி செய்த வெள்ளைக்காரர் எவரோ எடைக்குப் போட்டிருந்த பதினேழு தட்டுகள் அங்கே கிடந்தன. ஐடிஐயில் ஒன்றாகப் படித்த பழக்கத்தில் சும்மா மச்சான், மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ என் தங்கை அரசியைக் கட்டிக்கொண்டு நிஜ மச்சான் ஆனது அதற்கு அடுத்த வருஷம்.

அட்டையில் புகைபோக்கிப் படம், கறுப்பு வெள்ளையில். பெயரைக்கூட டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள். என் கடையில் போட்டுவிட்டு, பாட்டு வரும் என்று உட்கார்ந்தோம். தகரத்தை சிமெண்டுத் தரையில் இழுக்கிற சத்தம் வந்தது. ஒரு கம்ப்ரஸர் உறுமியது. யாரோ மைக்குக்குப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊசி போய்விட்டது என்று நான் புது ஊசி மாட்டினேன். மறுபடியும் அதே தகரம். பக்கத்துத் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்து, வெல்டிங் பட்டறை எப்போது ஆரம்பித்தாய் என்று கேட்டார். பிரௌசிங் சென்டரில் தேடிய பிறகுதான் புரிந்தது. எழுபதுகளின் கடைசியில் ஐரோப்பாவின் ஆலை நகரங்களில் சில பேர் வேண்டுமென்றே செய்த இசையாம் இது.

எனக்கு அது வேடிக்கை. உனக்கு அப்படி இல்லை. தொழிற்பேட்டைக் கெமிக்கல் ஆலையில் எட்டு மணி நேரம் பம்புகளோடு மாரடிக்கிற ஃபிட்டர் நீ. ஒரு தட்டைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு, இந்த இடத்தில் பேரிங் போயிருக்கிறது, இந்தக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவாய். முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஓடிய மிஷினுக்கு இங்கே உட்கார்ந்து வைத்தியம் பார்த்த ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். நாளெல்லாம் கேட்கிற இரைச்சலை வீட்டுக்கு வந்தும் எதற்குக் கேட்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க நான் சொன்னா நிக்காது மச்சான். இங்க ஊசியத் தூக்குனா நின்னுபூடுது" என்றாய்.

அதற்கப்புறம் நான் உன்னைக் கிண்டல் செய்யவில்லை.

இன்டர்நெட்டில் தேடி ஜெர்மனியில் ஒரு அம்மாளைப் பிடித்தாயே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாம் பழைய சினிமாப் பாட்டுத் தட்டுகளை அனுப்புவோம், பதிலுக்கு அந்த அம்மாள் இரும்பு அடிக்கிற தட்டுகளை அனுப்புவார். இருநூறு பிரதி, முந்நூறு பிரதி மட்டும் போட்ட சரக்கு, பேனாவால் நம்பர் எழுதியிருக்கும். ஐந்து வருஷத்தில் அறுபதைத் தாண்டிவிட்டது. பீரோவில் அரசியின் புடவை அடுக்கு அதற்கே போயிற்று. எழவு வீட்டில்கூட இதைவிட நன்றாக அடிப்பார்கள் என்று அவள் சொல்லுவாள். நீ சிரித்துக்கொண்டே சத்தத்தை ஒரு பங்கு கூட்டுவாய்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

அரசியும் குழந்தையும் சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் இருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து புதுத் தட்டு வந்திருக்கிறது என்று நீ போன் செய்ததும் நான் பஸ் ஏறிக் குடிகாட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டோம். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் அடித்தது. அது எப்போதும் அடிப்பதுதான், ஜன்னலைச் சாத்தினோம். முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டோம். இருவருமே அதுவரை கேட்டிராத தட்டு. கொஞ்ச நேரத்தில் ஒரு சங்கு மெல்ல எழும்பியது.

நம் பக்கத்தில் ஆலையின் சைரனுக்கும் சங்கு என்றுதான் பேர், சாவுக்கு ஊதுவதற்கும் சங்கு என்றுதான் பேர். நம்மிடம் இருந்த தட்டுகளில் பாதியில் சைரன் சத்தம் இருந்தது. அந்த இசைக்காரர்களுக்கு அது ஒரு ஆசை. அதனால் நான் அசையவில்லை. நீதான் தலையைத் தூக்கினாய்.

"மணி மூணேகால் ஆவுது. ஷிப்டு சங்கு ரெண்டுக்கே ஊதியாச்சே" என்று எழுந்தாய்.

"ரெக்கார்டுதான்டா. உக்காரு" என்றேன்.

நீ உட்கார்ந்தாய்.

எவ்வளவு நேரம் போயிருக்கும்? பத்து நிமிஷம்? கண் எரிந்தது. வெங்காயம் யார் நறுக்குகிறார்கள் என்றுகூட நான் யோசித்தேன். நீ பாய்ந்து ஊசியைத் தூக்கினாய், கதவைத் திறந்தாய், உடனே சாத்தினாய். துண்டை நனைத்து என் முகத்தில் கட்டினாய். ஆலையில் கேஸ் கசிந்திருக்கிறது, காற்று மேற்கே அடிக்கிறது, தெற்குப் பக்கமாக ஓடு, நிற்காதே என்றாய். நான் ஓடினேன். நீ வருகிறாயா என்று திரும்பிப் பார்க்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ தெருவுக்குள் போனாய். மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்திருந்தவர்களைக் கதவு கதவாகத் தட்டி எழுப்பினாய். ஒருவரும் சாகவில்லை, உன்னைத் தவிர. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நீ விழுந்து கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். அன்றோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அரசி ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள். பத்து மாதம் நீ மூச்சுக்கு அடித்துக்கொண்டாய்.

அந்தப் பத்து மாதத்தில், நான் உட்காரச் சொன்னதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒருநாள் ஆஸ்பத்திரியில் மாஸ்க்கை விலக்கிவிட்டு, அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தை நாம் முழுதாகக் கேட்கவில்லையே என்றாய். குத்திக்காட்டினாயா மச்சான்? இல்லை, நிஜமாகவே கேட்க ஆசைப்பட்டாயா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நர்ஸ் வந்து மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

இப்போது வழக்கு இப்படி நிற்கிறது. தொடர்ந்து ஐந்து நிமிஷம் சங்கு ஊதினோம் என்கிறது கம்பெனி. வருஷா வருஷம் எடுக்கிற காது டெஸ்டில் உனக்குக் காது மந்தம் என்று இருக்கிறதாம், அதோடு வீட்டில் கண்ட தட்டையும் சத்தமாகப் போட்டுக் கேட்கிற ஆளாம், அதனால்தான் உன் காதில் சங்கு விழவில்லையாம். நம் வக்கீல், சங்கே ஊதவில்லை என்கிறார். தெருவே அப்படித்தான் சொல்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் காதில் விழவில்லை. சங்கு ஊதவில்லை என்று நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வக்கீல் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அரசிக்கு உள்ளூர வேறு எண்ணம். தட்டுப் போட்டுப் போட்டுக் காதைக் கெடுத்துக்கினாரு, அதான் போயிட்டாரு என்று பக்கத்து வீட்டம்மாவிடம் அழுதிருக்கிறாள். உன்மேல் அவளுக்குக் கோபம். செத்தவன்மேல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எல்லாத் தட்டையும் உப்பனாற்றில் கொண்டுபோய்ப் போடு என்றாள். சரி என்று சொல்லி எடுத்துவந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

அன்று கேட்டது தட்டுதான் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டைப் போட்டுப் பார்த்தால் ஒரு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மூன்று வருஷமாக நான் அதைத் தொடவில்லை. சாட்சிக்கு வரச்சொல்லி சம்மன் வந்த பிறகுதான், போன சனிக்கிழமை, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டாம் பக்கத்தைப் போட்டேன்.

தண்ணீர் சொட்டியது. ஒரு சங்கிலியை இழுத்தார்கள். யாரோ இருமினார்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது, தட்டு இழுத்து இழுத்து நின்றது. இரண்டு மணி நேரம் நான் அந்த இருட்டுக் கடையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிச்சத்தில் ஒரு சங்கு இருந்துவிட வேண்டும் என்று வேண்டினேன். சாமி கும்பிடாதவன் என்று என்னைக் கேலி செய்வாயே, வேண்டினேன். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து போட்டேன். கடைசி வரை கேட்டேன். திரும்பவும் போட்டுக் கேட்டேன்.

சங்கு இல்லை மச்சான். அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

ஆலையில்தான் ஊதியிருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் இல்லை, ஒரே ஒரு தடவை, அரை நிமிஷம்கூட இருக்காது, ஊதி நிறுத்திவிட்டார்கள். தினமும் கேட்டுப் பழகிப்போன தெருவுக்கு அது ஒரு சத்தமே இல்லை. உனக்கு மட்டும்தான் அது வேறு என்று தெரிந்தது. என் ஒரு வார்த்தையை நம்பி நீ உன் காதை நம்பாமல் போனாய். நான் சொல்லியிருக்காவிட்டால் பத்து நிமிஷம் முன்னாலேயே வெளியே போயிருப்பாய், தெருவை எழுப்பிவிட்டு நீயும் வந்திருப்பாய். இதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு வேறு கணக்கு வரவில்லை. நான்தான் உன்னைக் கொன்றேன் என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

நேற்று அரசியிடம் சொன்னேன். பவித்ரா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் சங்கு விஷயத்தைத் தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்ப அவருக்குக் காது நல்லாத்தான் கேட்டுருக்கு" என்றாள்.

"ஆமா."

"நீதான் உக்கார வெச்ச."

"ஆமா அரசி."

தண்ணீரை வடித்துவிட்டு உலையை வைத்தாள். உள்ளதைச் சொன்னால் நம் கேஸுக்கு இடைஞ்சல் என்று வக்கீல் சொல்லுவார் என்றேன்.

"உள்ளதச் சொல்லுண்ணா. செவுடுன்னு எழுதி வெச்சிருக்காங்க அவர. அத அழிச்சிட்டு வா" என்றாள். அரிசியை உலையில் போட்டுவிட்டு, "அப்பறம் இந்த வூட்டுக்கு வராத" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் நின்று பவித்ராவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். பார்க்காமலேயே சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

வியாழக்கிழமை கூண்டில் ஏறுவேன். வக்கீல் முறைத்தாலும், கம்பெனிக்காரர்கள் சிரித்தாலும் இதைத்தான் சொல்வேன். சங்கு ஊதியது. ஒரே தடவை, அரை நிமிஷம். அந்தத் தெருவில் அதைச் சரியாகக் கேட்டவன் ஞானவேல் ஒருவன்தான். அவனை எழவிடாமல் செய்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவர்கள் எழுதி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன்னை உட்காரச் சொன்ன மச்சான்,
சேகர்