வாலுக்குக் கண் முளைக்கும் வரை

மார்ச் 3, செவ்வாய்

காலை 10.40. தட்டைப்புழுக்கள் நாற்பது. எல்லாம் உயிரோடு.

நகத்துண்டு நீளம், பழுப்பு நிறம், தலையில் மாறுகண் மாதிரி இரண்டு கரும்புள்ளிகள். வெட்டினால் தலைக்கு வால் முளைக்கும், வாலுக்குத் தலை முளைக்கும். இதைப் பார்க்கத்தான் நான்கு வருட வேலையை விட்டுவிட்டு உயிரியல் துறையில் முதலாமாண்டு மாணவனாக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பேராசிரியர் மேடம் நிபந்தனை போட்டுவிட்டார். மாதக் கடைசிக்குள் வால் துண்டுகளில் கண் முளைக்கவைத்துக் காட்டினால் அவருடைய ஆய்வகத்தில் ப்ராஜெக்ட். இல்லையென்றால் காய்ந்த இலைகளுக்குச் சீட்டு ஒட்டும் பிரிவு. ஒரு வருடம் இலை ஒட்டினால் நானே காய்ந்துவிடுவேன்.

“முதல்ல பட்டினி போடுங்க. வயித்துல சாப்பாட்டோட வெட்டினா தண்ணி நாறிடும்,” என்றார்.

“எத்தனை நாள்?”

“ஒரு வாரமாவது.”

ஒரு வாரமா? நான் வேலை பார்த்த இடத்தில் பொத்தானை அழுத்தினால் பம்ப் ஓடும்.

அவை கிடந்த தண்ணீர் சகிக்கவில்லை. கேன் அடியில் வெள்ளைப் படிவு வேறு. முழுக்கக் கொட்டிவிட்டு, மூலையில் இருக்கும் சுத்திகரிப்பு மெஷினிலிருந்து சுத்தமான தண்ணீர் பிடித்து ஊற்றினேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. இந்தத் துறைக்கு ஒரு இன்ஜினியர் தேவைதான்.

மார்ச் 4, புதன்

பட்டினி தொடர்கிறது. அவற்றுக்கு. நான் இரண்டு தடவை டிபன் சாப்பிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

செத்துவிட்டன. சுருண்டு, உப்பி, சில கரைந்தேபோய்விட்டன. மிச்சம் ஒன்பது.

பக்கத்து மேஜை ஆராய்ச்சி மாணவி எட்டிப் பார்த்தாள். மனதுக்குள் நான் வைத்திருக்கும் பெயர் புயல்.

“இன்ஜினியர் சார், என்ன தண்ணி ஊத்தினீங்க?”

“மெஷின் தண்ணி. இந்தக் கட்டடத்துலயே அதைவிடச் சுத்தமான தண்ணி கிடையாது.”

“அதான் பிரச்சினையே. புழு உடம்புக்குள்ள உப்பு இருக்கு, வெளியில துளிகூட இல்ல. தண்ணி உள்ள பாயாம என்ன பண்ணும்? ஆமா, தண்ணி கம்பெனியில நாலு வருஷம் என்னதான் பண்ணீங்க?”

“உப்பை எடுத்தோம்.”

சிரித்து முடிக்க அவளுக்கு ஸ்டூல் தேவைப்பட்டது.

மடையன். வடிகட்டின மடையன். நல்லா இருந்த தண்ணிய எதுக்குடா கொட்டின? யாராவது கேட்டாங்களா?

மறைக்கத் தெரியாது எனக்கு. நேராக மேடத்திடம் போய்ச் சொன்னேன். “மிச்சம் எத்தனை?” என்றார். சொன்னேன். “அதை வெச்சு ஆரம்பிங்க. புதுசா தரமாட்டேன்.” திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

மார்ச் 7, சனி

புயலின் கேனில், உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தேன். அந்த அளவு வரும்வரை என் தண்ணீரில் உப்புகளைக் கரைத்தேன். நான்கு வருடம் செய்த வேலையைத் தலைகீழாகச் செய்தேன், அவ்வளவுதான். மதியத்துக்குள் ஒன்பதும் சுருள் பிரிந்து வழுக்கிக்கொண்டு ஓடின. நான் விசிலடித்தேன். புயல் முறைத்தாள். மறுபடி அடித்தேன்.

மார்ச் 11, புதன்

அக்கா போனில்: “பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேட்டா நான் என்னடா சொல்றது? புழுவைப் பட்டினி போடறார்னா?”

மார்ச் 16, திங்கள்

வெட்டினேன். ஐஸ்கட்டி மேல் வைத்தால் நெளியாமல் படுத்துக்கொள்கின்றன. பிளேடு ஒரே அழுத்து. தலையை இழந்த வால், எதுவுமே நடக்காத மாதிரி நிதானமாக ஊர்ந்து போனது. எங்கள் பழைய மேனேஜர் ஞாபகம் வந்தது.

மார்ச் 18, புதன்

கண் இல்லை. காலையில் பார்த்தேன், மதியம் பார்த்தேன், சாயங்காலமும் பார்த்தேன்.

“மூடியைத் திறந்து திறந்து பாத்தா சோறு வேகுமா? இருட்டுல வைங்க. உங்க மூஞ்சியைத்தான் பாக்கணும்னா எதுக்குக் கண்ணு முளைக்கணும்னு இருந்திடப்போகுது,” என்றாள் புயல்.

மார்ச் 20, வெள்ளி

வெட்டின இடத்தில் வெள்ளையாக ஏதோ மொட்டு விட்டிருக்கிறது. கண்தானா? இல்லை. மூடிவிட்டேன். தொட மாட்டேன்.

தொட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

கண்!

வெள்ளைத் தசையில் பேனா முனையால் தொட்ட மாதிரி இரண்டு புள்ளிகள். போன வாரம் வெறும் வாலாகக் கிடந்தது, இன்று என்னைப் பார்க்கிறது. மாறுகண்ணோடுதான், ஆனாலும் பார்க்கிறது. விடுமுறை என்பதால் துறையில் ஒரு ஆளில்லை. சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

“வாலுக்குக் கண்ணு வந்துடுச்சு!”

“யாருக்குடா?”

மார்ச் 24, செவ்வாய்

மேடம் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எட்டு வால்களுக்கு ஒழுங்காக இரண்டு கண். ஒன்பதாவதுக்கு நட்டநடுவில் ஒன்றே ஒன்று. காலையிலேயே அதைத் தனியே எடுத்து வைத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. வைக்கவில்லை. மேடம் அதைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

“இது ஏன் இப்படி?”

“தெரியலை மேடம்.”

“கோணலா வெட்டினீங்களா?”

“எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் வெட்டினேன்.”

“அப்போ கண்டுபிடிங்க. அதான் ஒரு வருஷம் இருக்கே.”

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பாதிப் படி இறங்கிய பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பதே உறைத்தது. திரும்ப மேலே ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியவில்லை. புயல் கதவைத் திறந்துவிட்டாள்.

இனி செய்ய வேண்டியவை:

1. ஒற்றைக்கண்ணனைத் தனிக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.
2. அது தேறியதும் மறுபடி வெட்ட வேண்டும். மறுபடியும் ஒற்றைக் கண்தான் வருமா?
3. புயலுக்கு டீ. அவளாகக் கேட்பதற்கு முன்.
4. காத்திருக்க வேண்டும். (எப்படி என்று யாரிடமாவது கேட்க வேண்டும். இன்றைக்கே.)