இரண்டாம் சரணம்

4 செவ்வாய்
காலையிலிருந்து மழை. நான் வேலை செய்யும் ஸ்பைஸ் கார்டனுக்கு டூரிஸ்ட் பஸ் ஒன்றுதான். சந்தன எண்ணெய் விளக்கம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

எங்கள் ஊர் ‘எட்டாம் நம்பர்’ ரொக் பேண்டின் புது ஆல்பம் வந்துவிட்டது. பத்துப் பாட்டு. மூன்று தடவை கேட்டேன். எல்லாம் ஒரே தாழ்ந்த குரல், மிஷின் மினுக்கல். பாடகன் டெனிஸ் ஓர் இடத்தில்கூடக் கத்தவில்லை. சென்னைப் படத்தில் ஒரு பாட்டு ஹிட் ஆனதற்கு இதுவா பலன்? எரிச்சல்.

5 புதன்
வெயில். பழைய ரசிகர் வாட்ஸ்அப் குரூப் கொதிக்கிறது. சீகிரியாவில் ஆட்டோ ஓட்டும் ரவிதான் தலைவன். அவன் வாய்ஸ் மெசேஜ்: “சல்லி வந்ததும் கத்த மறந்துட்டான். சனிக்கிழம மாத்தளை ஷோவுல காட்டுவோம்.”

திட்டம்: ‘ஆறு மணிச் சங்கு’ பாட்டில் இரண்டாம் சரணம் வந்தால் டெனிஸ் மைக்கை எங்கள் பக்கம் நீட்டுவான். நாங்கள் பாடுவோம். பத்து வருடப் பழக்கம். இந்தத் தடவை யாரும் வாய் திறக்கக் கூடாது.

நானும் குரூப்பில் கைதட்டல் பொம்மை போட்டேன்.

6 வியாழன்
மதியம் டெனிஸ் கோல் எடுத்தான். சின்ன வயதில் ஒரே சேர்ச் கொயரில் பாடியவர்கள். ஆனால் ஆறு மாதமாகப் பேச்சில்லை. குரல் கரகர.

“ஜெசி, ஆல்பம் சரியில்லன்னு எனக்கே தெரியும். தொண்டையில ஆபரேசன் செஞ்சாங்க. மேல் சுருதி போயிருச்சு. அதான் எல்லாத்தையும் கீழேயே பாடினேன்.”

“ஷோ நடத்துறவங்க சங்கு பாட்டு கட்டாயம் பாடணும்ங்கிறாங்க. ரெண்டாம் சரணம் என்னால முடியாது. நீங்கல்லாம் பாடுவீங்கதானே? யாருக்கும் சொல்லிறாத. தெரிஞ்சா பாட்டுக் கம்பெனி தூக்கிப் போட்டுரும்.”

“பாடுவோம்” என்றேன். சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் பண்ணிக்கொடுத்தேன்.

7 வெள்ளி
ரவியிடம் சொல்வதா? சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் டெனிஸ் போச்சு.

நைசாகக் கேட்டுப் பார்த்தேன். “பாவம்டா, பாடிருவோமே.”

“கொயர்ப் பாசமா?” என்று குரூப்பிலேயே போட்டுச் சிரித்தான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ‘நானா? மொத வரிசையில வாய மூடிட்டு நிப்பேன் பாரு’ என்று எழுதிவிட்டேன். மூளை கெட்டவள்.

துவைக்க: கறுப்பு டீசேட். வாங்க: அம்மாவின் பிரஷர் குளிசை.

8 சனி
ஷோவிலிருந்து வந்துவிட்டேன்.

சங்கு பாட்டில் இரண்டாம் சரணம் வந்ததும் டெனிஸ் மைக்கை நீட்டினான். என்னைப் பார்த்துத்தான் நீட்டினான். பக்கத்தில் ரவி, என் வாயையே பார்த்தபடி. திறந்திருக்கலாம். திறக்கவில்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டே தெரியாது. மைதானம் கப்சிப். டெனிஸ் தானே பாடப் பார்த்தான். குரல் பிளந்தது. மறுபடியும் முயன்றான். மறுபடியும் பிளந்தது. பின்னாலிருந்து சிரிப்பு, கூச்சல். எல்லோர் போனும் மேலே.

9 ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. அந்த வீடியோ எங்கும் ஓடுகிறது. டெனிஸ் போன் ஓஃப்.

பத்து மணிக்கு ரவி வந்தான், சீகிரியாவிலிருந்து ஆட்டோவிலேயே. உள்ளே வரவில்லை. வாசலில் நின்று அழுதான்.

“ட்ரம்ஸ் அடிக்கிறவன் சொன்னான், தொண்டையில ஆபரேசனாம். தெரிஞ்சிருந்தா உயிரக் குடுத்துப் பாடியிருப்பேனே. ஒனக்குத் தெரியுமா ஜெசி?”

“தெரியாது” என்றேன்.