கடைசிக் கல்லில் உன் பெயர்

பொன்மலை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஆசீர்,

நீயும் டெல்பினும் சுகமென்று நம்புகிறேன். இங்கே சுகம் பற்றிய கடைசிச் செய்தி, எலும்பு டாக்டர் ஷெர்லின் இன்று காலை என்னிடம் நேரில் சொன்னது: அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, வியாழக்கிழமை ஆபரேஷன். போனில் சொன்னால் நீ அழுவாய், இங்கே பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா கேட்டுவிடுவாள், அதனால் எழுதி வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறேன்.

சர்க்கரையில் பார்வை போன பிறகு அவள் தனியாகப் போய்வந்த ஒரே இடம் மாதா கோயில்தான், அதுவும் பார்வையற்றோருக்காக நடைபாதையில் பதித்த மஞ்சள் கல்லை நம்பி. காலில் மேடான நீளக் கோடு பட்டால் நடக்கலாம், புள்ளி பட்டால் ரோடு வந்துவிட்டது, நிற்க வேண்டும். அம்மா நடக்குற வழி அழுக்கா இருக்கு, திருவிழாவுக்குப் பளபளன்னு பண்ணுங்கடா என்று திருவிழா வேலை பார்க்கும் பிரவீன்ராஜுக்கு நீ அனுப்பிய குரல்பதிவை அவன் போனிலேயே கேட்டேன். பையன்கள் எனாமல் பெயிண்டை இரண்டு கோட்டிங் அடித்தார்கள், கல்லின் சொரசொரப்பு போய்விட்டது, ரோட்டோரப் புள்ளிக் கல்லில் 'உபயம்: ஆசீர், மெல்போர்ன்' என்று எழுதி, அம்மாவிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு காலை தூறல். டீச்சரம்மா குச்சியால அந்தக் கல்லைத் தடவிப் பாத்துட்டு எட்டித் தாண்டுனாங்க, ஊனுன கால் பெயிண்ட்ல வழுக்கி ரோட்டுல விழுந்துட்டாங்க என்று அங்கே பூ விற்கும் வேலம்மாள் சொன்னாள். ஏன் தாண்டினாய் என்று அம்மாவைக் கேட்டேன். புள்ள பேரை மிதிக்கச் சொல்றீங்களா என்று என்னைத் திட்டினாள்.

அவள் மழையைத்தான் குறை சொல்கிறாள். எம்புள்ள அடிச்ச பெயிண்ட், அவ்ளோ மின்னுதாம் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் திருத்தவில்லை. பெயிண்டைச் சுரண்டச் சொல்லித் திருவிழாக் கமிட்டியில் கேட்டதற்கு, உபயக்காரர் சொல்லாம எப்படிங்க சார் அழிக்கிறது என்றார்கள். சனிக்கிழமை சப்பரம் பார்க்கப் பார்வையற்றோர் விடுதிப் பெண்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

டிக்கெட் எடுக்காதே, நீ வந்து செய்ய ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடு. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

இனி அவள் தனியாக நடப்பாளா என்பது கிறிஸ்துமஸ் வாக்கில்தான் தெரியும் என்கிறார் டாக்டர். உன் பெயரை அழிக்கச் சொல்வாயா என்பது சனிக்கிழமைக்குள் தெரிய வேண்டும். அம்மாவைக் கேட்காதே, அவள் அழிக்க வேண்டாம் என்பாள்.

உன் அப்பா,
கிளமென்ட்