கிள்ரு என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பு

மொன்றியலில் இருக்கும் என் செல்ல மகன் கிள்ருவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீ கைகால் சுகத்தோடு இருப்பதை ஞாயிற்றுக்கிழமை உன் குரலிலேயே கேட்டேன், இருந்தாலும் மனசு அடங்கவில்லை. பேரை மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்த பேர் எனக்கு மறக்குமா. அன்றைக்குப் போனில் நீ சொன்னாயே, 'வியாழக்கிழமை காலைல வேலைக்குப் போறப்ப ரோட்டுல கால வைக்கிறேன், பின்னாடி ஒரு பொம்பள கிள்ரு, அங்கயே நில்லுன்னு கத்துனாங்கம்மா, நின்னுட்டேன், லாரி உரசிக்கிட்டுப் போச்சு, இந்த ஊர்ல அந்தப் பேரு யாருக்கும்மா தெரியும்' என்று. நான் உடனே போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், அவர் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்து வீட்டு ஃபித்தா பெரியம்மா போய்விட்டாள் மகனே.

இந்த வருடம் ஆலிவ் காய்ப்பு சுமார்தான், அப்பாவுக்கு முட்டி வலி, அதெல்லாம் இருக்கட்டும். உனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தொட்டிலிலேயே போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று நாங்கள் சொன்னதில்லை. எனக்குப் பின்னாலேயே கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி வருகிறாள் என்று மருத்துவச்சி சொன்னாள். அந்தி நேரத்தில் வாசலில் நின்று வீட்டு ஆளின் குரலிலேயே பிள்ளையின் பேரைக் கூப்பிடுவாள், கூப்பிட்ட பிள்ளை தங்காது. அதற்கு நம் ஊரில் ஒரே வழிதான், பிறந்ததும் வேறு வேதக்காரர் வீட்டுக்கு விற்றுவிடுவது. உன்னைக் குளிப்பாட்டக்கூட இல்லை, வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்ற ஃபித்தா கையில் கொடுத்தேன். அவள் எனக்கு ஒரு பிடி உப்பு கொடுத்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி, 'இது என் புள்ள, பேரு கிள்ரு' என்றாள். மலைக் குகையில் குதிரைமேல் இருக்கும் மகான் நமக்கு ஜிர்ஜிஸ், அதுதான் உன் ஞானஸ்நானப் பேர், முஸ்லிம்களுக்குக் கிள்ரு, வேண்டிக்கொண்டு துணி கட்டுவது இரண்டு பேரும் ஒரே கம்பியில்தானே. 'ஆளு ஒருத்தருதான்டி, வீடுதான் வேற, தேடி வர்றவ குழம்பிக் கெடக்கட்டும்' என்று சிரித்தாள். நான் சிலுவையைக் கழற்றி வைத்துவிட்டு, கூலிக்குப் பால் கொடுக்க வந்தவள் மாதிரி அவள் வீட்டுக்குப் போய் உனக்குப் பால் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ரொட்டியும் உப்பும் கொண்டுபோய்ப் பிள்ளையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். வாங்காமல் விட்டு, வாங்கியவள் செத்துப்போனால் பிள்ளையும் அவள் பின்னால் போய்விடும் என்பார்கள். ஈஸ்டர் முடிந்ததும் உனக்குக் கல்யாணம் என்றதும் பாதிரியார் வேறு, 'இந்த மூடத்தனத்த முடிச்சிட்டு வாங்க' என்று முகத்தைச் சுளித்தார். நானும் ரொட்டி சுட்டுக்கொண்டு போய்ப் போய் நின்றேன். அவள் அதை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, 'நல்லாத்தான் சுட்டிருக்க, உப்புதான் கம்மி' என்பாள், உன்னைத் தரமாட்டாள். அந்த வியாழக்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'எம்புள்ளைய உங்க பக்கம் இழுத்துக்கலாம்னு பாக்குறியா' என்று கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவே இல்லை. 'அவன் கோயிலுக்கே போகட்டும் நஜ்லா, யாரு வேணாம்னா. அவ இன்னும் தேடுறத விடல. அதான் தரமாட்டேங்கிறேன்' என்றாள்.

அப்போது பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைத்து முடித்திருந்தார்கள். வாசலில், ஜிர்ஜிஸ் என்று யாரோ கூப்பிட்டார்கள். மகனே, அது என் குரல். நான் உள்ளே ஃபித்தாவுக்கு எதிரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் குரல் வெளியில் நின்று என் பிள்ளையைக் கூப்பிடுகிறது, உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவேனே அந்த மாதிரி, அத்தனை பாசமாக. மறுபடியும் கூப்பிட்டது. ஃபித்தா என் கையைப் பிடித்து அழுத்தி, 'இந்த வீட்டுல அப்படி யாரும் இல்ல, இருக்கிறது எம்புள்ள, அவனுக்குப் பதிலா வேணும்னா நான் வர்றேன்' என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே எழுந்து போனாள். கதவைத் திறந்து, 'கிள்ரு, அங்கயே நில்லு' என்று ஒரு கத்து கத்தினாள். தெருவில் யாரும் இல்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தவள்தான், நான் போய்த் தொடும்போது உயிர் இல்லை. இங்கே அந்தி, அங்கே உனக்குக் காலை.

மறுநாள் பெட்டியைத் தூக்கும் முன் பள்ளிவாசல் ஷேக் வழக்கம்போல, இறந்தவளிடம் யாருக்காவது ஏதாவது வரவேண்டியது உண்டா என்று கேட்டார். அவள் மகள் ரபாப், நான் திருப்பிக் கொடுக்க வேண்டிய உப்பை அவளே என் கையில் வைத்து, 'சித்தி, இப்பவே தம்பிய வாங்கிக்க, அம்மாகூடப் போயிடப் போறான்' என்று அழுதாள். பாதிரியாரும் வாங்கிக்கொள் என்று தலையை ஆட்டினார். நீ அங்கே தப்பித்தது அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும், வாசலில் எனக்காக எழுந்து போனவளிடமிருந்து உன்னை எப்படிப் பிடுங்குவேன். 'வேணாம், அவன் அவ புள்ளையாவே இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டேன். பாதிரியார் தரையைப் பார்த்தார். ஷேக் அவர் பக்கம் திரும்பி, 'ரெண்டு அம்மா இருந்தா பையன் கெட்டா போயிடுவான், நீங்களே சொல்லுங்க' என்றார். பாதிரியார் கல்லறைவரை கூடவே நடந்தார். அப்பா பெட்டிக்குத் தோள் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரும்வரை எனக்கு ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை.

ரபாபின் மருமகன் அங்கே வருகிறான், அவனிடம்தான் இந்தக் கடிதத்தையும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் ஸாத்தர் பொடியையும் கொடுத்து அனுப்புகிறேன். அவளுடைய நாற்பதாம் நாளுக்குக் கட்டாயம் வா. வந்ததும் முதலில் அவள் வீட்டு வாசற்படியை மிதித்துவிட்டு அப்புறம் நம் வீட்டுக்கு வா. அவளுக்காக ஓதும் ஃபாத்திஹாவை ரபாப் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அந்தோணியார் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி அதையும் சொல்கிறேன், அப்பா முதலில் முனகினார், இப்போது கூடவே நிற்கிறார். நேற்று அந்தியில் அவர் தோட்டத்திலிருந்து வந்து, 'பையனை ஏன்டி கூப்பிட்ட' என்று கேட்டார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், வாயே திறக்கவில்லை. அதனால் கவனமாகக் கேள். ஞானஸ்நானப் பேரை நான் இனி வாயால் சொல்லமாட்டேன். ரோட்டிலோ போனிலோ என் குரல் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், எவ்வளவு பாசமாகக் கூப்பிட்டாலும் திரும்பாதே. நான் கூப்பிட்டால் கிள்ரு என்றுதான் கூப்பிடுவேன்.

குகையில் இருக்கும் மகான் உன் முன்னாலும் பின்னாலும் துணை வரட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், ஆனால் காது கேட்கிற மாதிரி மூடிக்கொள்.

உன்னைப் பெற்று, ஒரு பிடி உப்புக்குக் கொடுத்த அம்மா,
நஜ்லா