முகாமுக்குச் சாமைப் பை வேண்டாம்

அன்புள்ள மகன் விஜயராஜுக்கு, அப்பன் கோபால்சாமி சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டி ரேணுகா எழுதுவது. மலையில் மழை உண்டு, சாமை கதிர் வாங்கிவிட்டது, எங்கள் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. திருப்பூரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாய் இருக்கவேண்டும். போனில் சொன்னால் "அப்புறம் பேசுறேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், கடுதாசியை அப்படி வைக்க முடியாது பார், அதனால் எழுதச் சொன்னேன்.

உன் மகள் நதியாவை ஜமுனாமரத்தூரில் நடந்த டாக்டர் முகாமுக்கு அழைத்துப்போனோம். ஆறு வயதாகியும் பேச்சு வராமல், கூப்பிட்டால் திரும்பாமல், மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளை. ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கும், அட்டை வந்தால்தான் கீழே பயிற்சிக்குச் சேர்ப்பார்கள் என்று மெர்சிலின் டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வாரம் ஒருதரம் ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர் அவர். நீ என்ன சொன்னாய்? "நாலு பேர் எதிர்ல கத்த வுடாதீங்க, மானம் போய்டும், புடிச்சத குடுத்து உக்கார வைங்க" என்றாய். ரேணுகாவும் உன் பேச்சைக் கேட்டுத் துணிப்பையில் சாமையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சாமைக்குள் கையை விட்டால் நதியாவுக்கு வேறொன்றும் வேண்டாம், அளைந்துகொண்டே சாமி மாதிரி உட்கார்ந்துவிட்டாள். என்னை "கூட்டமா கீது பெரியவரே, வெளிய இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஜன்னலில் நின்று கேட்டேன். நீ பாடம் சொன்னபடி ரேணுகா, "நல்லா தூங்குதுங்க, ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்கிறாள். டாக்டரும் "அமைதியான பொண்ணு, பேச்சு மெதுவா வரும், போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். திரும்பி வருகையில் பஸ்ஸில் பை அவிழ்ந்து சாமை கொட்டியது. அவள் போட்ட கத்தலில் டிரைவர் வண்டியையே நிறுத்திவிட்டார். அதைப் பார்க்க அங்கே டாக்டர் இல்லை.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாங்க தாத்தா, காட்டத்தானே கூப்ட்டேன், ஒளிச்சி வெச்சிட்டு வந்திருக்கீங்களே" என்றார். இந்தப் புத்தி உனக்கு இன்று வந்ததில்லை. ஹாஸ்டலில் நீ ஐந்தாவது படிக்கையில் நீல ஜீப்பில் பெரிய ஆபீசர் வந்தார். புழுத்த சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு "சோறு நல்லா கீதுங்க சார்" என்று எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சொன்னீர்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார், பள்ளியை விடுகிறவரை நீ அந்தச் சோற்றைத்தான் தின்றாய். ஆபீசர் எதிரில் குறை சொல்லக்கூடாது என்பது நம் மலைக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம், அதை வாய் பேசாத பிள்ளை தலையிலுமா கட்டுவாய்? "மாமா, கொஞ்சம் கொறச்சி சொல்லுங்க" என்று ரேணுகா பேனாவை நிறுத்துகிறாள். நீ எழுதும்மா என்றேன்.

அடுத்த மாதம் முதல் செவ்வாய் மறுபடி முகாம். லீவு போட்டு நீயே வா. சாமைப் பை வீட்டில்தான் இருக்கும். கத்தினால் கத்தட்டும், நாலு பேர் திரும்பிப் பார்த்தால் "என் பொண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் நில். டாக்டர் கேட்பதற்கு உள்ளதை உள்ளபடி சொல். காளியம்மன் உன்னைக் காப்பாள். கவுன் வாங்கி வருவதானால் கழுத்தில் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டைப் பிரித்துவிட்டுக் கொண்டு வா, தீபாவளிக்கு நீ அனுப்பியது உறுத்தி அவள் கிழித்துப் போட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பன் கோபால்சாமி, கைநாட்டு.

எழுதியது ரேணுகாதேவி. மாமா சொன்னதில் ஒரு வார்த்தையும் நான் குறைக்கவில்லை.