வேகவைத்த மண்ணிலும் குறைந்திருந்தது

என் தங்கமான அண்ணாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

காப்பித் தண்டைத் துளைக்கும் புழுவுக்குப் பூசியதுபோக மிஞ்சிய மருந்தை, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சொன்னாரென்று, தலைச்சோலையில் நம் வீட்டு ஊற்றுக்கு மேலேயுள்ள குழியில் கொட்டினீர்களே. கடைசியில் நீங்கள் இருமிய இருமலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? யாரைக் கேட்பேன்? நீங்கள் போனபின் அந்த ஊற்றைத் தொட வேண்டாம் என்று அண்ணியிடம் நான்தான் சொன்னேன்.

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம் ஒரு வருடமாக அந்தக் குழியை அளக்கிறது. மாதாமாதம் மண்ணெடுப்பது என் வேலை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மருந்தைத் தின்று தீர்க்கின்றனவா என்பதுதான் கேள்வி. நாலாம் மாதமே மருந்து நன்றாகக் குறைந்திருந்தது. முந்திரிக்கொட்டை நான், அன்றே அண்ணியிடம் ஓடினேன்.

“ஏங்கண்ணு, நெசமாவா? அப்ப ஊத்துத் தண்ணியவே குடிக்கலாமா? பஸ் ரோட்டுக் கொழாயில இருந்து சொமந்து இடுப்பு நொம்ப வலிக்குது.”

“குடிங்க அண்ணி. மண்ணே தின்னு தீத்துருச்சுங்க.”

அதே குழி மண்ணை வேகவைத்து, ஓட்டை போட்ட டப்பாவில் அடைத்துப் பக்கத்திலேயே புதைத்திருந்தோம். அதில் தின்ன உயிர் கிடையாது, மழை மட்டும் இறங்கும். வருடம் முடிந்து அதைத் தோண்டும்வரை பொறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அண்ணி படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முந்தாநாள் அந்த டப்பாவின் முடிவு வந்தது. குழியில் குறைந்த அளவு அதிலும் குறைந்திருந்தது. எதுவும் தின்னவில்லை அண்ணா. மழைதான் மருந்தை இறக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஊற்றைத் தவிர அது வேறு எங்கே போகும்?

ஆய்வுக்கூட அதிகாரியிடம் சொல்லி அழுதேன். “இன்னொரு மழை பாத்துட்டு அறிக்கை எழுதலாம்மா. அதுவரைக்கும் ஊர்ல வாய் திறக்காதீங்க” என்றார். இன்னொரு மழையா? உங்கள் மகள் எட்டு மாதமாக அதைத்தான் குடிக்கிறாள். போன வாரம் எனக்கும் ஒரு சொம்பு மொண்டு தந்தாள்.

வேலை போனால் போகட்டும். நாளை விடிகாலை முதல் பஸ்ஸில் போய், அண்ணி குடத்தோடு ஊற்றுக்கு இறங்குவதற்குள், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிடுகிறேன். அவர் இனி என் முகத்தில் விழிக்காமல் போகலாம். விழிக்காவிட்டாலும் ரோட்டுக் குழாயிலிருந்து நான் சுமந்து வாசலில் வைத்துவிட்டு வருவேன். இது சத்தியம்.

உங்கள் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்கச் சொன்ன
உங்கள் தங்கை,
செல்வி